வெயிலைச் சிரிப்பென்று எழுதியவர்

பயணக் கட்டுரை என்று தலைப்புப் போட்ட பக்கத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். ரசிப்பதற்கு அல்ல, சண்டை பிடிப்பதற்கு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நேராகக் கடைசிப் பாராவுக்குப் போவேன். எழுதிய ஐயா யாருக்கெல்லாம் நன்றி சொல்கிறார் என்பது அங்கேதான் இருக்கும். யார் வீட்டில் சாப்பிட்டார், யார் மோட்டாரில் போனார், யார் பக்கத்தில் நின்று ஊரைக் காட்டினார் என்று தெரிந்துவிட்டால் போதும். முன்னால் இருக்கிற நாலு பக்கத்தில் எதெல்லாம் இருக்காது என்று படிக்காமலே சொல்லிவிடுவேன்.

“பெரீம்மா சண்டைக்குக் கெளம்பீட்டாங்கோ” என்று என் தங்கை மகள் கேலி செய்வாள். செய்யட்டும். இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள நான் என் புருஷனையே விலையாகக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது.

மோகனூருக்குக் கிழக்கே, காவேரிக் கரையை ஒட்டிய சிற்றூரில் நான் வாக்கப்பட்டேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தது என்றுதான் பேர்; எங்கள் நிலம் மேட்டுக்காடு. வானம் பார்த்த சோளமும் கம்பும்தான். கல்யாணமான முதல் வருஷம் மழை ஏமாற்றியது. இரண்டாம் வருஷமும் ஏமாற்றியது. கிணற்றில் வாளி விட்டால் தரையில் மோதும் சத்தம்தான் வந்தது. அந்தச் சமயத்தில் நாமக்கல் சந்தையில் ஒரு கங்காணி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். இவர் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

“ஒரு வருசந்தான் புள்ள. எடம் நல்லா இருந்துச்சுன்னா ஒன்னயுங் கூட்டிக்கறேன்” என்றார்.

இந்தப் பேச்சில் எனக்கு ஒரு வருஷம் என்பது காதில் ஏறவில்லை. இடம் நன்றாக இருந்தால் கூட்டிக்கொள்வார் என்பது மட்டும் மனசில் நின்றது. அப்படி ஒரு ஆசை எனக்கு அவர் மேல். சொல்ல என்ன வெட்கம், இந்த வயசில்! அவர் நெடுநெடுவென்று, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து வருவதைத் தூரத்தில் கண்டாலே எனக்குக் கை வேலை ஓடாது.

அவர் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவர். மாதம் ஒரு கார்டு வரும். பெரிய பெரிய எழுத்தாக, மாடு மிதித்த சேறு மாதிரி இருக்கும். “இங்கே மழை. அட்டை கடிக்கிறது. நான் சுகம். நீ வர வேண்டாம்.” அடுத்த மாதமும் மழை, அட்டை, சுகம், வர வேண்டாம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. மழை பெய்கிறது என்று ஒருத்தர் எழுதினால் அதைக் கஷ்டம் என்று எங்கள் ஊரில் யார் எடுத்துக்கொள்வார்கள்? நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கேட்கிற மழை அது.

“அவனுக்கு என்ன சாமி, மழை பேயற ஊர்ல இருக்கறான்” என்று என் அத்தையும் சொன்னாள். மாமியாரைத்தான் சொல்கிறேன். பெற்ற மனசே அப்படி நினைத்தால் நான் எம்மாத்திரம்?

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் சம்சாரம் எனக்குச் சிநேகிதி. கெங்கவல்லிப் பக்கத்தவள், பேச்சில் எங்கள் இழுவை இருக்காது, கேலிக்கு மட்டும் குறைவே இருக்காது. அவர்கள் வீட்டுக்குப் பட்டணத்துப் பத்திரிகை ஒன்று வாராவாரம் வரும். நான் நாலாம் வகுப்புப் படித்தவள் என்பதால் படித்து முடித்ததை எனக்குத் தருவாள். ஒரு நாள் பக்கத்தைப் பிரித்தே கையில் கொடுத்தாள்.

“இந்தாடி, உன் ஊட்டுக்காரரு சொர்க்கத்துலதான் இருக்காரு போல! உன்னைக் கூப்பிட மட்டும் மறந்துட்டாரா?”

தேயிலை மலைகளில் பத்து நாள் சுற்றிவந்த ஒருவர் எழுதிய கட்டுரை. மேகம் தொட்டுப் போகும் மலை, பச்சைக் கம்பளம், வெள்ளி அருவி. பிறகு நம் ஜனங்கள். வரிசையாக அழகிய சிறு வீடுகளாம். வாசலில் பூச்செடிகளாம். காலையில் ஆணும் பெண்ணும் ஜோடி ஜோடியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வேலைக்குப் போகிறார்களாம். அவர்கள் முகத்தில் கவலையின் கோடே இல்லையாம். கடைசியில், தம்மைப் பங்களாவில் தங்கவைத்து உபசரித்த துரைக்கும் துரைசானிக்கும் நன்றி.

நன்றியை நான் படிக்கவே இல்லை. ஜோடி ஜோடியாக என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அச்சில் வந்திருக்கிறது. படித்த மனுஷன், கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படியானால் இடம் நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருந்தால் கூட்டிக்கொள்கிறேன் என்ற மனுஷன் ஏன் வராதே வராதே என்று எழுதுகிறார்? வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அந்தப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் ஒருத்தி இருக்கிறாள்!

அன்றைக்கே எழுதினேன். எல்லாம் பத்திரிகையில் போட்டிருக்கிறது, எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம், வாசலில் பூச்செடி வைத்திருப்பது யார் என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது. “பூச்செடி இல்லை. யாரும் இல்லை. மழை. நீ வர வேண்டாம்.” ஒரு மனுஷனுக்கு நாலு வார்த்தை கூடவா பஞ்சம்? அந்த மாதிரி அழகழகாகப் பத்திரிகைக்காரர் எழுதினது நிஜமாகவும், கட்டினவர் மொட்டையாக எழுதினது பொய்யாகவும் பட்டது எனக்கு. பாவி நான். அதோடு கடிதம் போடுவதை நிறுத்தினேன்.

அவர் நிறுத்தவில்லை. மாதாமாதம் வந்தது, பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தது. வாங்கித் தகரப் பெட்டியில் போட்டு மூடுவேன். பதில் போடாமல் மூன்று வருஷம் இருந்தேன். கோபம் மட்டும்தான் என்றால் அவ்வளவு நாள் தாங்காது. வருவார், வந்து நின்று, “ஏம்புள்ள இப்படிப் பண்றே” என்று கேட்பார் என்று தினமும் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மேட்டூரில் அணை கட்டி முடித்திருந்தார்கள். இனிமேல் காவேரி வற்றாது என்று பேசிக்கொண்டார்கள். கோடையில் தண்ணீரை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு வழக்கம்போல மணல்தான். ஒரு சித்திரை மாதம், காலையிலிருந்து நாங்கள் ஆறேழு பெண்கள் ஆற்று நடுவில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தோம். முழங்கை ஆழம் தோண்டினால் கலங்கலாக ஊறும். அது தெளிகிறவரைக்கும் காத்திருந்து கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் விட வேண்டும். என் முறை வரவில்லை. குடம் காலி.

கரையில், ஊரில் பாதி நிலம் வைத்திருந்த பெரிய தோட்டக்காரரின் மோட்டார் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் மோட்டார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரோடு ஜிப்பா போட்ட ஒருவர் இறங்கி, மூன்று கால் வைத்த படப்பெட்டியோடு மணலில் நடந்து வந்தார்.

“அப்படியே குடத்த இடுப்புல வச்சிக்கிட்டு, சூரியனைப் பாத்து வரிசையா நில்லுங்கம்மா” என்றார். நின்றோம். பெரிய தோட்டக்காரர் பக்கத்தில் நிற்கும்போது எப்படி மாட்டேன் என்பது?

எங்களில் வயசான ஒருத்தி கேட்டாள்: “ஏனுங்க சாமி, அணை கட்டுனாங்கல்லோ, தண்ணி எப்பங்க உடுவாங்க?”

“நான் கவர்மெண்டு ஆள் இல்லம்மா” என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். தோட்டக்காரர் வீட்டில் அன்றைக்கு அவருக்கு இலை போட்டு விருந்து என்று கேள்விப்பட்டோம்.

இரண்டு மாதம் கழித்து வாத்தியார் சம்சாரம் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அடியே, உன் படம்டி!”

என் படம்தான். அச்சில் என் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடுப்புக்கு மேலேதான் இருந்தோம். கீழே இருந்த மணலை வெட்டிவிட்டிருந்தார்கள். கட்டுரையில், அணை வந்தபின் காவேரி கரை தழுவி ஓடுகிறதாம். பெண்கள் நிறைகுடத்தோடு சிரித்துக்கொண்டே கரையேறுகிறார்களாம். அவர்கள் முகத்தில் கவலையின் கோடே இல்லையாம். கடைசியில் விருந்தளித்த தோட்டக்காரருக்கு நன்றி.

இந்தக் ‘கோடே இல்லை’யை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். எழுதியவர் பேரைப் பார்த்தேன். அதே ஆள்.

படத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐயோ சாமி, அது சிரிப்பா? சித்திரை வெயில் எதிரே அடிக்கும்போது கண்ணை இடுக்கினால் வாய் தானாக விரியாதா? நான் சிரித்து எத்தனை காலமாகியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். காலிக் குடம் நிறைகுடமாகி, மணல் ஆறாகி, வெயில் சிரிப்பாகிவிட்டது. அப்படியானால் அங்கே? அந்த ஜோடிகளை இவர் எந்தப் பங்களா வாசலிலிருந்து பார்த்தார்? துரை பக்கத்தில் நிற்கும்போது பாட்டு நிஜமாகவே கேட்டதா?

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கார்டுகளை எல்லாம் கொட்டி வரிசையாகப் படித்தேன். மழை. அட்டை. வர வேண்டாம். இடம் நன்றாக இருந்தால் கூட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவர், இடம் நன்றாக இல்லை என்பதைத்தான் மாதாமாதம் எழுதியிருக்கிறார். அவ்வளவு தெளிவாக எனக்கு யாருமே எதையும் எழுதியதில்லை. நான் அன்றைக்கு அழுத அழுகையில் அத்தை பயந்துபோய்ப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுவிட்டாள்.

உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் எந்த முகத்தோடு ஆரம்பிப்பது? இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் போனது. அதற்குள் அவரிடமிருந்து கார்டு வந்துவிட்டது. அவர் எழுதியதிலேயே நீளமானது அதுதான்.

“கணக்கப்பிள்ளை வீட்டுப் புஸ்தகத்தில் உன்னைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு இருந்தாய். காவேரியில் தண்ணி ஓடுதாம். படித்துச் சொன்னார்கள். காயிதம் இல்லையே, கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, சந்தோஷமாக இருக்கிறாய். போதும். இங்கே ஒரே அறை. நடுவில் சாக்குப் படுதா. அந்தப் பக்கம் வேறு குடும்பம். இதில் உன்னை எப்படி வைப்பேன். வேறு தோட்டம் போகிறேன். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.”

காவேரிக் கரையிலேயே பிறந்தவர். சித்திரையில் அது எப்படிக் கிடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அச்சில் வந்ததை நம்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த நிமிஷமே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு மாதத்தில் என் கார்டு, ஆள் இல்லை என்று யாரோ எழுதித் திரும்பி வந்தது. எந்தத் தோட்டம் என்று அந்தக் கங்காணியைத் தேடிப் பிடித்துக் கேட்டோம், அவனுக்கும் தெரியவில்லை. நானே போகிறேன் என்று கிளம்பினபோது, இனிமேல் புதிதாக ஆட்கள் அங்கே போகக் கூடாது என்று சர்க்கார் தடுத்துவிட்டது. பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்ததும், முன்னால் அக்கரைக்குப் போயிருந்தவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். தெரியாது என்றார்கள்.

அத்தை போய்ச் சேர்ந்தாள். எனக்கும் தலை வெளுத்துவிட்டது. அந்தத் தேயிலை மலைகளைப் பற்றி யார் எழுதினாலும் வாங்கி வைக்கிறேன். அருவியும் மேகமும் எனக்கு வேண்டாம். ஆட்கள் நிற்கிற படம் இருக்கிறதா என்று பார்ப்பேன். நெடுநெடுவென்று யாராவது நின்றால் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவேன். முகம் சிரிப்பது மாதிரி இருந்தால், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வெயில் எதிரே அடிக்கிறதா என்று பார்ப்பேன்.

திரும்பி வந்த என் கார்டு அவருடைய கார்டுகளோடு தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. அவர் மாதிரியே நானும் அன்றைக்கு மொட்டையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

“ஆத்தில் தண்ணி இல்லை. என் குடம் காலி. நான் சிரிக்கவில்லை, வெயில். ஒரே அறையானாலும் சரி. நான் வாரேன்.”