ஒரு கால் வழுக்கும் சப்பாத்து

பிள்ளைகளே, நேற்று மேல்தட்டிலிருந்து இறக்கிக் கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டீர்களே, அம்மாவின் அந்தச் சப்பாத்து பழுதில்லை. "அப்பா, ஒண்டு வழுக்குது, மற்றது வழுக்கேல்லை, சோ ஃபன்னி" என்று சிரித்தீர்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையைக் கட்டக் குனிந்தபோது வந்த ரப்பர் மணம், அம்மா டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸின் மணம்.

அதற்குள் கூறைச் சேலைக்கு மேலே இந்தச் சப்பாத்தும் ஒரு நீளத் தடியும் கிடந்தன. லண்டனில் டூட்டிங்கில் இருந்த என் மாமி பார்த்துவிட்டு, "தும்புத்தடியோடை வந்த பொம்பிளையை இப்பதான் காணுறன்" என்று போகிற வீடெல்லாம் சொன்னா.

அது வீடு கூட்டுகிற தடி இல்லை. கேர்லிங் என்று ஒரு விளையாட்டு. பாரமான கல்லை ஐஸில் வழுக்கவிட்டு, முன்னால் ஓடி ஓடி அந்தத் தடியால் ஐஸைத் தேய்த்து, கல்லைப் போகவேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு கால் வழுக்க வேண்டும், மறுகால் பிடிக்க வேண்டும். அதுக்குத்தான் அந்தச் சப்பாத்து. உங்கள் அம்மா டென்மார்க் பெண்கள் அணியில் விளையாடினவ. சிவப்புச் சட்டையின் முதுகில் அவவின் அப்பாவின் பெயர். அறிவிப்பாளர் அதை ஒருநாளும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லையாம்.

கலியாணப் பேச்சில் அவ கேட்டது ஒன்றுதான்: "லண்டனிலை விளையாட ஏலுமோ?"

மாமி போனில் சொன்னா: "லண்டனிலை இல்லாததோ பிள்ளை? எல்லாம் கிடக்கு." மாமி லண்டனில் கண்ட ஐஸ் மீன்கடையில் மட்டும்.

நானும் பெரிய கெட்டிக்காரன்போல, முதல் குளிருக்குள்ளேயே ஸ்ட்ரெதம் ஐஸ் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். சிப்ஸ், வினாகிரி மணம். பொடியள் சறுக்கித் திரிந்தார்கள். அம்மா குனிந்து உள்ளங்கையால் ஐஸைத் தடவினா.

"இது அந்த ஐஸ் இல்லை."

"ஐஸ் ஐஸ்தானே. விளையாடுமன்."

"எங்கட ஐஸிலை தண்ணி தெளிச்சு, குறுணி குறுணியா உறைய விடுவினம். அதுக்கு மேலைதான் கல் ஓடும்."

"அப்ப அந்த ஐஸ் லண்டனிலை எங்கை கிடக்கு?"

"உங்கட மாமியைக் கேளுங்கோ."

அடுத்த குளிருக்கு முன்னம் அணித்தலைவி போன் எடுத்தா, தெரிவுக்கு வரச் சொல்லி. அம்மா பேக்கரி ஷிப்ட் முடிந்து மாக்கையோடு நின்று கேட்டா. "பழகாமல் போய் அவையின்ரை விளையாட்டைக் கெடுக்கேலாது" என்று எனக்குச் சொன்னா. மற்ற வருசமும் போன் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரு மாசியில் அந்த அணி டிவியில் வந்தது. அம்மாவின் இடத்தில் வேறொரு பெண். வீட்டுக்கு வந்திருந்த மாமி, "உன்ரை கூட்டுற ஆக்கள் வந்திருக்கினம்" என்றா. அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு உலை வைக்கப் போனா. பிறகு அந்தத் தடி உண்மையாகவே எங்கள் வாசல் பனியைக் கூட்டியது. தேய்ந்ததும் எறிந்தோம்.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டா. டென்மார்க்கிலிருந்து போன் எடுக்க ஒருவரும் இல்லை. இப்போது கேட்டால், "அது அந்தக் காலம்" என்று அம்மா கதையை மாற்றிவிடுவா.

இன்று நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அம்மா வேலைக்கும் போனபின், பையை அவிழ்த்துச் சப்பாத்தை எடுத்து வைத்தேன். நேற்றிரவே கேக் சுடுகிற தட்டில் தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் வைத்திருந்தேன். அதன் மேல் விரலால் துளி துளியாகத் தெளித்து, திரும்ப உறையவிட்டு, உள்ளங்கையால் தடவினேன். குறுணி குறுணியாகப் பட்டது. அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கரையில் வைத்து மெல்லத் தள்ளினேன்.

ஓடியது.