விராலிமலைச் சாலையில் பாவாடைச் சிப்பாய்கள்

விராலிமலையைத் தாண்டியதும் யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடும் எங்கள் பஸ் இரைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. கிளீனர் கரி போட்டுக் கிளறுகிறான். எதிரே புளியமரத்தடியில் ராணுவ லாரிகள். ஸ்காட்லாந்துச் சிப்பாய்களுக்கு இன்று ஏதோ ஊர்த் திருநாளாம். கட்டம் போட்ட பாவாடையும் முழங்கால்வரை காலுறையுமாக இறங்கி நிற்கிறார்கள். பஸ்ஸே சிரிக்கிறது. நானும்தான்.

ஒருவன் தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக் குழலை ஊதுகிறான். சிரிப்பு அடங்கிப்போகிறது. செம்பட்டை முடிக்காரன் ஒருவன் இரண்டு வாள்களைத் தரையில் குறுக்காகப் போட்டு, கைகளை உயர்த்தி, அவற்றின் நடுவே துள்ளித் துள்ளி ஆடுகிறான். பாதம் இரும்பில் படவே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பஸ்ஸில் வந்தவர்களுக்கு மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், தண்ணீர்க் குடத்தோடு நேரே அவனிடம் போகிறாள். ஊரில் சாமியாடிக்கு ஊற்றுவதுபோல அவன் காலில் தண்ணீர் ஊற்றி, குலவையிட்டுக் கும்பிடுகிறாள். குழல் நிற்கிறது.

"சாமி, பர்மாவுக்குப் போன எம்மகன்கிட்டருந்து ஒரு சேதியும் இல்ல. திரும்பி வருவானா?"

அவன் விழிக்கிறான். நான் இறங்கிப்போய் இங்கிலீஷில் சொல்கிறேன். தொப்பியைக் கழற்றுகிறான். பிறகு, "நாங்களும் அங்கேதான் போகிறோம்" என்கிறான்.

"சாமி என்னங்க சொல்லுது?"

சொல்கிறேன்.

அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. "அப்பச் சரிங்க. சாமியே போயிக் கூட்டியாரப் போகுது."

வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மோர்ப்பானைக்குத் திரும்புகிறாள். அவள் என்ன சொன்னாள் என்று அவன் கேட்கிறான். எனக்கு இங்கிலீஷ் வாயில் வரமாட்டேன் என்கிறது.