குதிரையில் சிறிது தூரம்

போன வாரம் லத்தா பேட்டையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு நடைபாதைக் கடையின் பிளாஸ்டிக் கூரைக்குள் ஒதுங்கினேன். காலடியில் பழைய குளிர்கோட்டுகள் குவியலாகக் கிடந்தன. ரங்கூனில் குளிர்கோட்டை யார் வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஆனால் ஈரக் கம்பளி வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருந்த பயண அலுவலகத்துக்குப் போய்விட்டேன், மனசால்.

அங்கேதான் என் முதல் வேலை. முதலாளி பர்மியர், 'சயா' என்போம். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவருக்கு, நம் ஆட்களையும் வெளியே அனுப்பிப் பார்க்கும் ஆசை வந்தது. மற்றவர்கள் பாங்காக், புத்தகயா என்று போக, இவர் மங்கோலியாவைப் பிடித்தார். அங்கேயும் புத்த மடங்கள் இருக்கின்றனவே!

அந்த ஊர் நிறுவனம் ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதங்களைப் பார்த்து பர்மியில் விளம்பரத்தாள் எழுதுவது என் வேலை. முடிவே இல்லாத புல்வெளி, நூற்றெட்டு வெள்ளை ஸ்தூபிகளோடு சுவர் எழுப்பிய மடம், அதற்கு வெளியே பழைய தலைநகரில் மிஞ்சிய கல் ஆமை, மான் செதுக்கிய நெடுங்கற்கள். அப்போது நான் ரங்கூனுக்குப் பக்கத்திலிருக்கும் கியாக்தானைத் தாண்டிப் போனதில்லை. நேரில் பார்த்தவளைப் போல எழுதித் தள்ளினேன்.

அதைப் படித்துவிட்டு ஒரு அக்கா படியேறி வந்தார். வீட்டில் ராஜாமணி, ஷ்வேப்யிதா தொழிற்பேட்டைத் தையல் ஆலையில் பர்மியப் பெயர், டோ ச்சோ. இந்த ஊர்த் தமிழர்கள் நமக்குத்தான் எப்போதும் இரண்டு பெயராயிற்றே. ஐம்பதைத் தாண்டியவர். ஏற்றுமதிக் கோட்டுகள் தைக்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர்.

"இருபது வருஷமா குளிர்கோட்டு தைக்கிறேன் தங்கச்சி. தைக்கிறப்ப வேர்த்து ஊத்துது. ஒரு நாளாச்சும் அதப் போட்டுக்கிட்டு நடுங்கிப் பாக்கணும். இந்த ஊர்ல குளிருமா?"

"செப்டம்பர் கடைசியில பனியே கொட்டுமாம் அக்கா."

"அப்ப என் பேர எழுதிக்க."

ஒன்பது பேர் போனார்கள். மற்ற எட்டுப் பேரும் மடத்தைக் கும்பிடப் போனவர்கள். ஐந்தாம் நாள் பிற்பகல் அங்கிருந்து வழிகாட்டிப் பெண் போன் செய்தாள். காலையில் முகாமைவிட்டுக் கிளம்பிய அக்காவைக் காணவில்லை. மான் கல் பக்கத்தில்தான், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆலங்கட்டி மழை வேறு பெய்கிறதாம்.

சயா விளம்பரத்தாளை எடுத்துப் படித்தார். 'முகாமிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மான் கற்கள்.' பிறகு கடிதத்தைத் தேடி எடுத்தார். அதில் 'குதிரையில் சிறிது தூரம்' என்று இருந்தது. குதிரை என்றால் ரங்கூன்காரர்கள் பயந்துவிடுவார்களே என்று நான்தான் அதைத் தூக்கிவிட்டு எல்லோரையும் நடக்க விட்டிருந்தேன்.

சயா கத்தவில்லை. "குதிரை எங்கே போனது?" என்று பர்மியில் மெதுவாகக் கேட்டார். கத்தியிருக்கலாம்.

அன்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த தெய்வம் ஒன்றையும் விடவில்லை. அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் மணி அடித்தது. ஆடு மேய்க்கும் ஒரு குடும்பம் அக்காவைத் தங்கள் கூடாரத்தில் வைத்திருந்ததாம்; கிடைத்துவிட்டார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

ஊர் திரும்பியதும் அக்கா நேராக அலுவலகத்துக்கு வந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றேன்.

"மன்னிச்சிருங்க அக்கா. தப்பு என்னோடதுதான்."

"தப்புதான். முதல்ல அத மாத்து. அங்க எல்லாமே கிட்டத் தெரியுது தங்கச்சி. நடக்க நடக்க கல்லு தள்ளிப் போயிட்டே இருக்கு. மூணு மணி நேரம்!"

"கல்லைப் பாத்தீங்களா இல்லையா?"

மன்னிப்புக் கேட்டு முடிக்குமுன் வாய் முந்திக்கொண்டது. அக்கா சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாத்தேன். மானுக்கு வாய் பறவை மூக்கு மாதிரி நீளமா இருக்கு. கால மடக்கிக்கிட்டு எல்லாம் மேல பறக்குது. கையால தடவிக்கிட்டே நிக்கிறேன், ஆலங்கட்டி விழ ஆரம்பிச்சிருச்சு. ஒரு பொம்பள மோட்டார்சைக்கிள்ல வந்து, ஒண்ணும் கேக்காம என்னைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனா. டீ குடுத்தா. டீயில உப்பு!"

"குடிச்சீங்களா?"

"நாலு கப்பு. நடுங்குறவளுக்கு உப்பென்ன, சீனியென்ன. அவ பொண்ணு கோட்டுல பை கிழிஞ்சு தொங்குச்சு. நம்ம ஆலையில தைச்சதா இருக்குமோன்னு காலரத் திருப்பிப் பாத்தேன். சீனான்னு போட்டிருந்துச்சு. போகட்டும்னு நம்ம ஊசியில தைச்சுக் குடுத்தேன். இனி அது கிழியாது."

அன்று வேலையே ஓடவில்லை. புல்வெளிக்கு என்ன வாடை, ராத்திரி என்ன சத்தம் கேட்கும், கல் ஆமையின் முதுகில் பாசி இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சயாவும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். தமிழ் தெரியாதவருக்காக அக்கா பாதிக் கதையை மறுபடி பர்மியில் சொன்னார்.

அடுத்த விளம்பரத்தாளில் குதிரையைத் திரும்பப் போட்டேன். அச்சாகி வந்தது. அதைப் பார்த்துக் கிளம்பத்தான் ஆள் இல்லை. கொரோனா நோய்க்காலம் வந்தது, அதன் பின்னாலேயே ராணுவ ஆட்சியும் மற்றதெல்லாமும் வந்தன. சயா அலுவலகத்தை மூடினார்; அந்த மாடியில் இப்போது வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அக்காவின் ஆலையும் மூடிவிட்டது. அவர் எந்தப் பக்கம் போனார் என்று சொல்ல ஆள் இல்லை.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் இப்போதுதான் அதிகம். என் தெருவிலேயே வாரத்துக்கு ஒரு வீட்டில் பெட்டி கட்டுகிறார்கள். என்ன வேலை, எங்கே தங்கல், யார் கூட்டிப்போகிறார்கள் என்றெல்லாம் கேட்டு வழியனுப்புகிறோம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும்தான்.