மஞ்சள் வேட்டியும் மகனின் வாட்சும்

கைலாசபுரத்தில் துணி தைத்துப் பிழைக்கும் அமிர்தம் யாரையும் லேசில் மன்னிக்கிறவள் அல்ல. அறிவுசார் குறைபாடுள்ள அவளுடைய முப்பது வயது மகன் ரங்கநாதன் ஸ்ரீரங்கத்தில் ஓர் இல்லத்தில் இருந்தான். வலிப்பு வந்தாலோ வெளியே நடந்தாலோ அவள் போனுக்குத் தகவல் அனுப்பும் வாட்ச் ஒன்றை அவன் கையில் கட்டியிருந்தாள். அது காணாமல் போனது.

"உங்க பையன்தான் தொலைச்சுட்டாருங்க," என்றான் அங்கே வேலை பார்க்கும் நவநீதன். மகனின் கன்னத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. அந்த வாரமே வலிப்பு வந்து, யாருக்கும் தெரியாமல் விழுந்து, அவன் மண்டை உடைந்தது.

ஆஸ்பத்திரியில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாட்சிலிருந்து அவள் போனுக்குத் தகவல் வந்தது. ரங்கநாதன் சமயபுரம் சாலையில் வேகமாக நடக்கிறானாம்!

நர்ஸிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கோயில் வாசலில், மஞ்சள் வேட்டியோடு, நடந்த தூரத்தை அந்த வாட்சில் பார்த்தபடியே வந்தான் நவநீதன்.

வாசலில் எரிந்த கற்பூரத்தைக் காட்டினாள் அமிர்தம். "எம் மகன்தான் தொலைச்சான்னு இந்தக் கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

அவன் கை நீளவில்லை. வாட்சைக் கழற்றினான். "மன்னிச்சுடுங்கம்மா."

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அவன்கிட்ட போங்க. மன்னிச்சேன்னு அவன் வாயால சொன்னப்புறம் வந்து ஆத்தாளைக் கும்பிடுங்க."

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நவநீதன் வந்த வழியே திரும்பினான்.

ரங்கநாதனுக்குப் பிறவியிலிருந்தே பேச்சு வராது. அந்தத் தைரியத்தில்தானே அவன்மேல் பழியைப் போட்டான்!