காலிக் குழியில் உட்கார்ந்திருந்தவன்

ஈமுப் பண்ணையில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். முட்டை பொரிக்கும் மெஷினை நாங்கள் பெட்டி என்போம். அதைக் கவனிப்பதுதான் அவர் வேலை. மெஷினை ஒட்டினாற்போல அவருடைய அறை. அதில் அவர் கட்டில், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில். மனைவி வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். மகளை நாலு வயதிலிருந்து ஒண்டியாக வளர்த்தார். பன்னிரண்டு வயதில், நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று மச்சினிச்சி வந்து நகரத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை தீவனம் இறக்கப் போகிறவன் நான். ஒருநாள், அவள் படுத்திருந்த அந்தச் சின்னக் கட்டிலில் ஒரு மூட்டையை வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மகள் போன அந்த வருடம் ஒரு சேவல், வேலி மூலையில் காய்ந்த புல்லுக்குள் ஒன்பது பச்சை நிற முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஈமுவில் அடைகாப்பது ஆண்தான். பெட்டை இட்டுவிட்டுப் போய்விடும். இவன் எட்டு வாரம் இரை எடுக்காமல் கிடப்பான். பார்த்தபோதே ஒரு மாதம் ஆகியிருந்ததால் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார் பெட்டிக்காரர்.

ஒருநாள் காலையில் சேவல் குழிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. கைவிட்டுவிட்டது, முட்டை ஆறிப்போகும் என்று பதறி, அதை விரட்டிவிட்டு ஒன்பதையும் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார்.

அது முட்டையைப் புரட்டத்தான் எழுந்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுமாம். இட்ட முட்டையை உடனே பெட்டிக்குள் வைத்தே பழகிய மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?

சேவல் திரும்பி வந்து காலிக் குழியில் உட்கார்ந்துகொண்டது.

"திருப்பி வெச்சிட வேண்டியதுதானேண்ணே?" என்றேன்.

"முதலாளி விடமாட்டேங்குறாரு. அது மிதிச்சு உடைச்சா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாரு."

அடுத்த வாரமும் அது எழவில்லை. தண்ணீர்ச் சட்டியை மூக்குக்கு நேரே வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகெலும்பு தெரிந்தது. இவர் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தூக்குச்சட்டியில் சோறு அப்படியே இருந்தது.

"ரெண்டு பேர்ல யாருண்ணே அடைகாக்குறது?" என்று கிண்டல் செய்தேன்.

சிரிக்கவில்லை. "இது செத்துப்போனா நான்தான்டா கொன்னவன்" என்றார்.

மூன்றாவது வாரம் நான் போனபோது பெட்டியைத் திறந்து குனிந்து விசிலடித்துக்கொண்டிருந்தார். முட்டைக்குள்ளிருந்து மெலிசாக ஒரு விசில் திரும்பி வந்தது. ஒரு முட்டை லேசாக ஆடியது. உடைத்து வெளியே வர இரண்டு நாள்தான் இருக்கும்.

"கம்பளிய எடு" என்றார்.

"முதலாளி?"

"வேலை போனா போகுது. எடுடா."

கம்பளியில் பொதிந்து தூக்கிப் போனோம். குழியின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். சேவல் அசையவில்லை. ஒரு உதை விட்டால் எல்லாம் கூழ். அப்போது ஒரு முட்டை விசிலடித்தது. சேவல் கழுத்தை வளைத்துக் கேட்டது. பிறகு அலகால் உருட்டி உருட்டி, ஒன்பதையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

எட்டு பொரித்தன. ஒன்று கூமுட்டை. முதலாளி எட்டுக் குஞ்சையும் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

அடுத்த வாரம் போனபோது, கோடுபோட்ட குஞ்சுகள் பின்னால் வர, சேவல் நடந்துபோய்த் தொட்டியில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. இனி ஒரு வருஷத்துக்கு மேலே அவற்றுக்கு எல்லாமே அவன்தான். பெட்டிக்காரரைக் காணோம் என்று தேடினேன். வேலிக்கு வெளியே அதே வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கட்டு.

"என்னண்ணே ஆச்சு?"

"கிட்டப் போனேன். உதைச்சு விரட்டிட்டான். மூணு வாரம் கூடவே உக்காந்திருந்தேன், மூஞ்சி மறந்துபோச்சு அவனுக்கு."

"நல்லா வேணும் உங்களுக்கு."

"ஆமாடா, வேணும்தான்" என்றார், வேலிக்கம்பியைப் பிடித்தபடி. அன்றைக்குச் சிரித்தார். மூட்டையை எங்கே இறக்குவது என்று கேட்டேன்.

"வெளியிலயே போடு. கட்டில்ல வெச்சிடாத."