அப்பா காட்டிய கப்பல்

இன்று அம்மாவோடு சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறினேன். எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் கப்பல் பயணம்.

எண்பதுகளிலேயே ஏறியிருக்க வேண்டியது. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, கம்பெனி தரும் எல்.டி.சி. பயணச் சலுகையில் அந்தமானுக்குக் கப்பலில் போகலாம் என்றார். அம்மா அதை எங்கள் குடியிருப்பு பிளாக் முழுக்கச் சொல்லி, புளியோதரைக்குப் பொடிகூட இடித்துவிட்டாள்.

அந்த வாரம் சுரங்கத்தில் மழைத் தண்ணீர் ஏறியது. அப்பாவின் லீவு ரத்து.

பிறகு ஒரு சாயங்காலம் அப்பா எங்களைச் சுரங்க விளிம்புக்கு அழைத்துப் போனார். கீழே மண் வெட்டும் ராட்சத மெஷின், மாடி மாடியாக விளக்கெரிய, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“பாத்துக்க, இதான் நம்ம கப்பல்.”

“கடல் எங்கங்க?” என்றாள் அம்மா.

“அதத்தான் இவ்ளோ நாளா எறைச்சு வெளிய வுட்டோம்.”

இன்று மேல்தளத்தில் அம்மா பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அப்பா போய் ஐந்து வருடமாகிறது.

“கப்பல் எப்படிம்மா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. உங்கப்பா காட்டுனது இதவிடப் பெருசு.”

நெய்வேலிக்காரர்களே, சாட்சி சொல்ல வாருங்கள். இங்கே யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.