டெயில் லாம்ப் இல்லாத கூட்ஸ் வண்டி

எதிர்வீட்டு டியூப் லைட் அணைகிறது. சவுரிமுத்துவின் சட்டைப் பையில் ‘டக்’ என்கிறது பட்டன் பேனா. பேச்சு நிற்பதில்லை. பல்லாவரத்தில் வண்டி நாலு நிமிஷம் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தெருவில் யாரோ ஸ்கூட்டர் விளக்கை அணைக்கிறார்கள், டக். கரண்ட் போய் அஸ்தினாபுரமே இருட்டாகிறது. வீட்டுக்கு வீடு “ஐயோ” என்கிறார்கள். அதற்குள் இவர் பேனா ஒரு முறை பேசி முடித்திருக்கும். விளக்குப் போட்டால் மட்டும் பேனா சும்மா இருக்கும். அணைவதில்தான் அவருக்கு அக்கறை.

சவுரிமுத்து பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் கார்டு. வயது ஐம்பத்தொன்று. ஒல்லி உடம்பு, சலவை குலையாத வெள்ளைச் சட்டை, எந்நேரமும் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் பாதி திரும்பிய முகம். கடைசிப் பெட்டியின் ஜன்னலில் அரை உடம்பை வெளியே நீட்டி, பிளாட்பாரத்தை முன்னிருந்து பின்வரை ஒரு தரம் துழாவிப் பார்த்த பிறகுதான் டிரைவருக்கு ரெண்டு மணி அடிப்பார். மணி அடித்த பிறகும் பார்த்துக்கொண்டே போவார். நான் குரோம்பேட்டையில் ஏறித் தாம்பரத்து ஆபீசுக்குப் போகிறவன், கடைசிப் பெட்டிக்காரன். எங்கள் சிநேகிதம் அவருடைய மரஸ்கேலில் ஆரம்பித்தது.

அது அவர் கார்டு பெட்டியிலேயே இருக்கும். தாம்பரத்தில் வண்டி திரும்ப நேரம் இருந்தால் இறங்கி வந்து, நிற்கிற ஆளிடம் ஸ்கேலைக் கொடுத்துவிடுவார். “மேல புடிச்சிக்கோ சார். சொல்லாம வுடு.” நாம் ஸ்கேலைத் தொங்கவிட வேண்டும், கீழே அவர் விரல்கள் தயாராகத் திறந்திருக்கும். திடீரென்று விட வேண்டும். எத்தனை அங்குலம் நழுவியபின் பிடிக்கிறாரோ, அது அவர் கையின் வேகம். பெரும்பாலும் ஏழில் பிடித்துவிடுவார். நான் பிடித்தால் பத்து. சுண்டல் விற்பவர், போர்ட்டர், டிக்கெட் பரிசோதகர் என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. ஆபீசுக்கு நேரமாகிற அவசரத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் வரும். ஒரு நாள் சொல்லியே விட்டேன்: “ஏழுதான், எப்பவும் ஏழுதான். இன்னும் என்னய்யா பேஜார் பண்றே?”

அவர் ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். “இது வுழும்னு தெரிஞ்சிகினு புடிக்கிறது சார். தெரியாம வரும்போது என் கை இன்னா பண்ணும்? அது தெரியணும்.”

அவர் இப்படி ஆன கதை எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழையில் நடந்தது. ஸ்டேஷன் பெயர் வேண்டாம். ரெண்டு மணி அடித்து வண்டி நகர்ந்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டே ஓடிவந்த ஒரு பெண் கம்பியைப் பிடித்தார், கால் வழுக்கியது. சவுரிமுத்து பார்த்தார், பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றது. பெண் பிழைத்தார், இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணை நடந்தது. உடனே நின்றது என்றார் ஒருவர். ரெண்டு பெட்டி தூரம் ஓடிய பிறகே நின்றது என்றார் இன்னொருவர். பார்த்ததற்கும் இழுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். சவுரிமுத்துவுக்குத் தெரியவில்லை. கடைசியில் தவறு நிரூபணமாகவில்லை, சந்தேகத்தின் பலன் கார்டுக்கு என்று எழுதி முடித்தார்கள். எல்லாரும் கைகுலுக்கினார்கள்.

“நிரூபணம் ஆவலன்னா இன்னா அர்த்தம் சார்? தப்பு இல்லன்னு அர்த்தமா? சந்தேகத்தின் பலன் எனக்குன்னாங்க. பலன் எங்க போச்சோ தெரில. சந்தேகம் மட்டும் வூட்டாண்ட வந்து குந்திகினு கீது.”

ஆஸ்பத்திரி கேட் வரை மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் கேட்டோடு திரும்பிவிட்டார். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியாதாம். சீக்கிரமாக இழுத்தேன் அம்மா என்பதா, லேட்டாக இழுத்துவிட்டேன் என்பதா?

இந்த ஆளை வானத்துப் பக்கம் திருப்பிவிட்டவர் லக்ஷ்மிநாராயணன். பாங்க் அதிகாரி, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மொட்டை மாடியில் நாலு பேரைக் கூட்டி டெலஸ்கோப்பில் சனி, வியாழன் காட்டுபவர். ஸ்கேல் விளையாட்டில் அவரும் மாட்டினார். விஷயத்தைக் கேட்டதும், “சௌரி, தெரியாம வர்ற ஒண்ணு என்கிட்ட இருக்கு” என்றார்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பாறைகளில் அது ஒன்று. வெளி ஓரத்தில், வியாழன் பக்கமாக இருக்கிறது. குறுக்கே நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கலாம் என்பது ஊகம். நிறம் அடுப்புக்கரி. விழுகிற வெயிலில் நூற்றில் நாலு பங்கைத் திருப்பி அனுப்பினால் அதிகம். ஆகவே நம் டெலஸ்கோப்பில் தெரியவே தெரியாது. அது ஏதாவது ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போனால், அந்த நட்சத்திரம் சில விநாடிகள் காணாமல் போகும். எத்தனை விநாடி என்று அளந்தால் கல்லின் பருமன் கிடைக்கும். ஒரு கிரேக்கப் பெண்ணின் பெயர் வைத்திருக்கிறார்கள். சவுரிமுத்துவின் வாயில் அது நுழையவில்லை. அவர் வைத்த பெயர் வேறு.

“இது டெயில் லாம்ப் இல்லாத கரி கூட்ஸு சார். ராத்திரில வந்தா கண்ணுக்குத் தெரியாது. எதிர் பிளாட்பாரத்து லைட்டு மறையுது பாரு, அப்பத்தான் வண்டி போவுதுன்னு தெரியும்.”

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு, ரிஷபத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரத்தை அது மறைக்கலாம் என்று கணக்கு. இந்த ‘லாம்’தான் விஷயம். அதன் நிழல் நம் ஊர் மேல் விழலாம், நெல்லூர் மேல் விழலாம், பாண்டிச்சேரிப் பக்கம் நழுவிவிடலாம். ரெண்டு மூன்று நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம். வராமலேயே போகலாம். லக்ஷ்மிநாராயணன் கூடுவாஞ்சேரியில் ஒரு டெலஸ்கோப்போடு நிற்பதென்றும், சவுரிமுத்து இன்னொன்றோடு அஸ்தினாபுரத்தில் தன் வீட்டு மாடியில் நிற்பதென்றும் முடிவாயிற்று.

எனக்கும் ஒரு வேலை தந்தார்கள். நான் பைனாகுலரில் அதே நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். மறைந்தால் “போச்சு” என்று கத்த வேண்டும். சவுரிமுத்து ஸ்டாப்வாட்சை அமுக்குவார். டில்லியிலிருந்து விநாடிக்கு ஒரு டிக் அனுப்பும் சிற்றலை ரேடியோவும் பக்கத்தில் இருக்கும். டிக், என் குரல், அவர் விரல் மூன்றும் ஒரே டேப்பில் பதிவாகும்.

“நான் எதுக்கு?” என்றேன்.

“நீங்க பத்து இஞ்சு ஆளு சார். ஊர்ல கீற சாதா மனுசன். உங்க குரலுக்கு முன்னால என் விரல் வந்துச்சுன்னா சரி.”

“வரலைன்னா?”

“வரலன்னா என் கை லேட்டு. கார்டு வேலைய எழுதிக் குடுத்துட்டு, அந்தம்மா வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வந்துருவேன்.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராஜினாமா மனுவை ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தார். தேதி மட்டும் போடவில்லை. இப்படி ஒரு பாவத்தில் என் நாக்கையும் கூட்டுச் சேர்த்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த வாரம் முழுக்க மனிதர் மனிதராக இல்லை. மேகம் வருமா என்று காலை நாலு மணிக்கு எழுந்து பார்ப்பார், நிகழ்ச்சி சாயங்காலம் என்றாலும். அவர் மனைவி அருள்மேரி என்னிடம் வந்து முறையிட்டார்: “நேத்து சாம்பார்ல மறந்துபோயி ரெண்டு தபா உப்பு போட்டேண்ணா. ஒண்ணும் சொல்லாம துன்னுட்டாரு. இந்தக் கல்லு வராம போனா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்னு வேண்டிக்கினு கீறேன். வந்துச்சுன்னா இந்த மனுசன் இன்னா ஆவாரோ.”

செவ்வாய்க்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. டூட்டி முடிந்து சட்டைகூட மாற்றாமல் மாடிக்கு வந்துவிட்டார். மாடியில் இடம் குறைவு. துணிக்கொடி, ஆன்டெனா, தண்ணீர் பிடித்து வைக்கும் இரும்பு டிரம் ஒன்று. டிரம்முக்கு இடப்பக்கமாக டெலஸ்கோப்பை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது கையில் லக்ஷ்மிநாராயணனின் ஸ்டாப்வாட்ச். அக்கம்பக்கத்து வீட்டு வாசல் விளக்குகளை எல்லாம் அருள்மேரி போய்க் கெஞ்சி அணைக்க வைத்திருந்தார். ரேடியோ டிக், டிக் என்றது.

ஏழு ஐம்பத்தொன்று. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. ஐம்பத்திரண்டு. நட்சத்திரம் ஆணி அடித்ததுபோல் அங்கேயே இருந்தது. என் கண்ணில் நீர் கோத்தது, இமைக்கப் பயமாக இருந்தது. ஐம்பத்துமூன்று. ஒன்றும் இல்லை. ஐம்பத்துநாலும் வந்தது. கூட்ஸ் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். நிஜத்தைச் சொன்னால், நிம்மதியாகக்கூட இருந்தது.

“வராது போல கீது சார்,” என்றார் சவுரிமுத்து. குரல் தொய்ந்துவிட்டது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

நட்சத்திரம் இல்லை.

“போச்சு!” என்று கத்தினேன். காதோரம் ஏதோ பெரிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஒன்பது டிக் போயிற்று. போன இடத்திலேயே நட்சத்திரம் சட்டென்று வந்து நின்றது. “வந்துடுச்சு! யோவ், வந்துடுச்சுய்யா!” பல கோடி மைலுக்கு அப்பால் ஒரு கரிக்கட்டி போனதை அஸ்தினாபுரத்து மாடியில் நின்று பார்த்துவிட்டோம்.

திரும்பினேன். சவுரிமுத்து நின்றுகொண்டிருந்தார். ஸ்டாப்வாட்ச் தரையில் கிடந்தது, கண்ணாடி தூள்.

“அமுக்கல சார்,” என்றார். “நான் அமுக்கவேயில்ல. கை எங்க போச்சுன்னே தெரில.” ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். “அவ்ளோதான். அன்னைக்கும் இப்படித்தான் ஆயிருக்கும்.”

சத்தம் கேட்டு அருள்மேரி மேலே ஓடிவந்து, புருஷன் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார். லக்ஷ்மிநாராயணனுக்கு என் குரலையாவது அனுப்பலாமே என்று டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டேன்.

டிக். டிக். “வராது போல கீது சார்.” டிக். டிக். டணங்! “போச்சு!” டிக்.

“அது இன்னா சத்தம்?” என்று தலையை நிமிர்த்தினார்.

மறுபடி போட்டேன். டிக். டணங். அதன் பிறகே என் குரல். நடுவில் அரை டிக் இருக்கும். மூன்றாம் முறை கேட்டபோதும் அரை டிக் இருந்தது.

“சவுரிமுத்து, கார்டு பெட்டியில பிரேக் எங்க இருக்கும்?” என்று கேட்டேன்.

எழுந்து நின்றார். யோசிக்காமல் வலது கையைப் பக்கவாட்டில் விசிறி, எதையோ பற்றி இழுப்பதுபோல் கீழே கொண்டுவந்தார். கை இரும்பு டிரம்மின் விளிம்பில் வந்து நின்றது. டணங்.

மூன்று பேரும் அந்த டிரம்மைப் பார்த்தோம். ரேடியோ தன்பாட்டுக்கு டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அருள்மேரிதான் முதலில் வாய் திறந்தார்: “ஐயோ, கைய பாருங்க!”

துருப்பிடித்த விளிம்பு உள்ளங்கையைக் கிழித்திருந்தது. முழங்கை வரை ரத்தம். இவ்வளவு நேரம் அவருக்கே தெரியவில்லை. அருள்மேரி டிரம்மில் ஒரு மக்குத் தண்ணீர் மொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கழுவப் போனார்.

“இரு மேரி. கழுவாத.”

கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். மாடிப்படி பல்பைப் போடச் சொல்லி, அதன் அடியில் போய் நின்று, உள்ளங்கையை விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.